மொழி, தெளிவு, அவகாசம்

மலையாளச் செய்தித்தாள்களில் 'மொழி' என்றால் வாக்குமூலம். காவல்துறை ஒருவரிடம் 'மொழி எடுத்தது' என்று எழுதியிருந்தால், அவர் சொன்னதைப் பதிவு செய்துகொண்டது என்று பொருள். 'பிரதி' நகல் அன்று, குற்றஞ்சாட்டப்பட்டவர். 'தெளிவு' என்பது சான்று. பிடிபட்டவரைச் சம்பவ இடத்துக்கு அழைத்துச் சென்று சான்று திரட்டுவது 'தெளிவெடுப்பு'. தமிழில் விசாரணை காவல் நிலையத்திலேயே தொடங்கிவிடுகிறது. மலையாளத்தில் 'விசாரண' நீதிமன்றத்தில் மட்டுமே நடக்கும். நிலையத்தில் நடப்பதற்குப் பெயர் 'சோத்யம் செய்யல்'. 'விதி' என்றால் தீர்ப்பு. 'அவகாசம்' என்றால் உரிமை.

ஒப்பிலக்கண வகுப்பில் இவற்றைப் போலி இணைச்சொற்கள் என்று பட்டியலிட்டுவிட்டுக் கடந்துவிடலாம். பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலும் இடுக்கியின் மலைச்சரிவுகளிலும் வாழும் தமிழர் ஒருவர் காவல் நிலைய மேசைக்கு முன் நிற்கும்போது அப்படிக் கடந்துவிட முடியாது. 'சம்மதிக்குன்னுண்டோ?' என்று ஓர் அதிகாரி அவரைக் கேட்கிறார் என்று கொள்வோம். மலையாளத்தில் அதன் பொருள், 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?' என்பது. தமிழ்க் காதில் அது 'உனக்குச் சம்மதமா?' என்று விழுகிறது. எதற்குச் சம்மதம் என்பது அவருக்குப் புரியாமல் இருக்கலாம். அதிகாரியின் முகத்தைப் பார்த்து அவர் தலையசைத்துவிடவும் கூடும். அந்தத் தலையசைப்புக்குக் காகிதத்தில் எந்தச் சொல் கிடைக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

இந்த எல்லை மொழி பிரிந்த இடத்தில் போடப்பட்ட கோடு அன்று. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதை ஒட்டிய சித்தூர் கொச்சி சமஸ்தானத்தின் பகுதி. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரின் உயர்மலை வட்டங்கள். 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாக மாற்றியமைக்கப்பட்டபோது கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் தமிழகத்துக்கு வந்தன. தமிழ் பேசுவோர் பெருமளவில் வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. மூணாறின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்பவர்கள், உடும்பன்சோலையின் ஏலத் தோட்டங்களுக்குக் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் அன்றாடம் ஜீப்பில் ஏறிவரும் பெண்கள், கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் உழவு செய்யும் குடும்பங்கள், அட்டப்பாடியில் தமிழுக்கு நெருக்கமான மொழியைப் பேசும் இருளர்கள் ஆகிய அனைவருக்கும் காவல் நிலையத்தின் எழுத்துமொழி மலையாளம்.

இவர்களுக்கு மலையாளம் தெரியாது என்று சொல்ல முடியாது. சந்தையிலும் பேருந்திலும் கூலிக் கணக்கிலும் அவர்கள் அதை நன்றாகவே பேசுகிறார்கள். சிக்கலின் வேர் அந்த அளவான தேர்ச்சியிலேயே இருக்கிறது. வங்காளத்திலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த தொழிலாளி ஒருவர் பிடிபட்டால், அவருக்கு மொழி தெரியாது என்பது முதல் நிமிடத்திலேயே வெளிப்பட்டுவிடும். யாரையாவது அழைத்தாக வேண்டும் என்ற எண்ணம் அதிகாரிக்கும் எழும். எல்லைத் தமிழரைப் பற்றி அப்படி எவருக்கும் தோன்றுவதில்லை. 'அவனுக்கு மலையாளம் அறியாம்' என்ற ஒரு வாக்கியத்தில் கேள்வி முடிந்துவிடுகிறது. விலை கேட்கப் போதுமான மொழியறிவும், தன் மீதான குற்றச்சாட்டை விளங்கிக்கொள்ளத் தேவையான மொழியறிவும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. சட்டத்துறை மலையாளமோ வடசொற்கள் மிகுந்த தனி நடை. மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட எளிய மனிதருக்கே அது முழுதாக எட்டுவதில்லை.

வேறுபாடு சொற்களில் மட்டும் இல்லை, இலக்கணத்திலும் இருக்கிறது. தமிழில் வினைமுற்று இடத்தையும் பாலையும் எண்ணையும் காட்டுகிறது. 'எடுத்தேன்', 'எடுத்தான்', 'எடுத்தார்கள்' என்று சொல்லும்போது எழுவாயைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. இன்றைய மலையாளத்தில் அந்த விகுதிகள் இல்லை. மூன்றுக்கும் ஒரே வடிவமே வரும். தமிழர் ஒருவர் அரைகுறை மலையாளத்தில் பதில் சொல்ல முயலும்போது, தம் மொழியின் பழக்கத்தால் எழுவாயை விட்டுவிடுகிறார். புதிய மொழியின் இலக்கணத்தால் விகுதியும் போய்விடுகிறது. அப்போது 'எடுத்தது யார்' என்ற செய்தி அந்த வாக்கியத்தில் எங்கும் இல்லை. எழுதுபவர் அதை நிரப்பியாக வேண்டும். அதேபோல் 'அவன்தான் எடுத்தானாம்' என்னும்போது அந்த 'ஆம்', 'பிறர் சொல்லக் கேட்டேன், நான் பார்க்கவில்லை' என்ற செய்தியைச் சுமக்கிறது. மலையாளத்தில் அந்தப் பொருளுக்கு வேறு இடைச்சொல் உண்டு; வினையோடு ஒட்டும் 'ஆம்' அங்கே இயலும், கூடும் என்ற பொருளைத் தரும். அவசரமாக எழுதப்படும் பதிவில் இந்த ஓர் அசை உதிர்ந்தால், செவிவழிச் செய்தி நேரடிச் சாட்சியமாக மாறிவிடும். சாட்சியச் சட்டம் மிகக் கவனமாகப் பிரித்து வைத்திருக்கும் இரண்டு பொருள்கள் இப்படி ஒன்றாகிவிடுகின்றன.

எழுதப்படும் முறையையும் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 180ஆம் பிரிவு, வழக்கின் செய்திகளை அறிந்தவர்களை விசாரிக்கவும் அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளவும் காவல் அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. 181ஆம் பிரிவின்படி அந்த எழுத்தில் சொன்னவரின் கையொப்பம் பெறக் கூடாது. கட்டாயக் கையொப்பங்களிலிருந்து மக்களைக் காப்பதற்காகப் பழைய சட்டத்திலிருந்தே தொடரும் நல்ல விதி இது. ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. தாம் சொன்னது எப்படி எழுதப்பட்டது என்பதைச் சொன்னவர் பார்ப்பதற்கான தருணம் வராமலே போகலாம். 'அவன் வரச் சொன்னான், போனேன். எதுக்குன்னு தெரியாது' என்று ஒருவர் தமிழில் சொல்லியிருக்கலாம். 'மேற்படி நபரின் அறிவுறுத்தலின்படி சம்பவ இடத்துக்குச் சென்றேன்' என்பதற்கு நிகரான மலையாள வாக்கியம் கோப்பில் அமரலாம். போனது உண்மை, சொன்னதும் உண்மை. 'எதுக்குன்னு தெரியாது' என்பது மட்டும் காணாமற்போயிருக்கும். குற்ற மனம் இருந்ததா இல்லையா என்ற வழக்கின் அச்சாணியே அந்தத் தொடரில்தான் இருந்தது.

சட்ட மொழியியல் என்ற துறை இத்தகைய எழுத்துகளிலிருந்துதான் பிறந்தது. லண்டனில் தூக்கிலிடப்பட்ட திமோத்தி எவன்சின் வாக்குமூலங்களில் இரு வேறு நடைகள் கலந்திருப்பதை ஸ்வீடன் நாட்டு மொழியியலாளர் யான் ஸ்வார்ட்விக் 1968இல் காட்டினார். 1953இல் தூக்கிலிடப்பட்ட டெரிக் பென்ட்லி பத்தொன்பது வயது இளைஞர், வாசிக்கவே தடுமாறியவர். அவருடைய வாக்குமூலம் கேள்வி எதுவும் கேட்கப்படாமல் அவரே தொடர்ந்து சொன்னது என்று காவலர்கள் சாட்சியளித்தனர். அதில் 'பிறகு' என்ற பொருள் தரும் ஒரு சிறு சொல் வரும் அடுக்கும் எண்ணிக்கையும் சாதாரண மக்களின் பேச்சோடு ஒத்துப்போகவில்லை, காவலர்களின் அறிக்கை நடையோடு ஒத்துப்போகின்றன என்று மால்கம் கூல்தார்ட் ஆராய்ந்து காட்டினார். 1998இல் அந்தத் தண்டனைத் தீர்ப்பு ரத்து செய்யப்பட்டது. பென்ட்லி இறந்து 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மொழி பேசும் காவலருக்கும் கைதிக்கும் இடையிலேயே இது நடந்தது என்பதைக் கருதினால், இரு மொழிகளுக்கு இடையில் என்னென்ன நடக்கக்கூடும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு வழக்கறிஞர் குறுக்கிடலாம்: 'காவலரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் இந்தியாவில் செல்லாதே, பிறகு ஏன் இவ்வளவு கவலை?' அது செல்லாது என்பது உண்மை. பழைய சாட்சியச் சட்டத்தின் 25, 26, 27 ஆகிய பிரிவுகள் இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 23ஆம் பிரிவில் ஒன்றுசேர்ந்து நிற்கின்றன. காவல் அதிகாரியிடம் செய்த ஒப்புதலைக் குற்றத்தை மெய்ப்பிக்கப் பயன்படுத்த முடியாது. ஆனால் அதே பிரிவில் ஒரு வாசலும் திறந்திருக்கிறது. காவலில் இருப்பவர் தந்த தகவலால் ஒரு பொருளோ செய்தியோ கண்டறியப்பட்டால், அந்தக் கண்டறிதலோடு நேரடித் தொடர்புடைய பகுதி சாட்சியமாகும். 'தெளிவெடுப்பு' இந்த வாசலின் வழியாகத்தான் நடக்கிறது. கத்தி கிடந்த இடத்தைக் காட்டியவர், 'நான் ஒளித்து வைத்தேன்' என்றாரா, 'அங்கே கிடப்பதாகச் சொன்னார்கள்' என்றாரா என்பதில் வழக்கே திரும்பிவிடும். மேலும், நீதிமன்றக் காவல் கோரும் அறிக்கையும் பிணை எதிர்ப்பும் வழக்கின் முதல் கதையும் இந்த எழுத்துகளிலிருந்துதான் உருவாகின்றன. விடுதலைத் தீர்ப்பு வருவதற்குள் ஒருவர் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், உள்ளே இருந்திருப்பார்.

இவற்றுக்கு எதிராக அரசமைப்புச் சட்டம் தரும் முதல் காப்பு மௌனம். 20(3)ஆம் பிரிவின்படி, குற்றஞ்சாட்டப்பட்ட எவரையும் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. இந்த உரிமை நீதிமன்றக் கூண்டில்தானா, காவல் நிலையத்திலும் உண்டா என்ற கேள்விக்கு 1978இல் நந்தினி சத்பதி வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை தந்தது. ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சர் சத்பதி காவலர் எழுத்தில் தந்த கேள்விகளுக்குப் பதில் தர மறுத்தார். அதற்காகவே அவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. மௌன உரிமை காவலரின் கேள்விக் கட்டத்திலேயே தொடங்குகிறது என்றும், விசாரிக்கப்படுபவர் தம் வழக்கறிஞர் உடனிருக்க விரும்பினால் அதை மறுக்கக் கூடாது என்றும் அத்தீர்ப்பு சொன்னது.

அதை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். அவர் 1915இல் பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்தில், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். தலைச்சேரியில் வழக்கறிஞராக இருந்தபோது, 1948இல், கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்ற குற்றச்சாட்டில் ஏறத்தாழ ஒரு மாதம் சிறையில் இருந்தார். 1957இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் அமைச்சரவையில் சட்டத்தோடு உள்துறைப் பொறுப்பையும் ஏற்றார். கைதியாகவும், காவல்துறைக்குப் பொறுப்பான அமைச்சராகவும், நீதிபதியாகவும் ஒரே நிலையத்தை மூன்று பக்கங்களிலிருந்து பார்த்தவர் அவர். இந்தியக் காவல் நிலையங்களில் மௌனத்துக்கு இடம் வாங்கித் தந்த தீர்ப்பு, இந்த எல்லை நிலத்தில் பிறந்த ஒருவரின் கையிலிருந்து வந்தது என்பதை இந்தப் பகுதியின் பள்ளிப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

மற்ற உரிமைகளையும் வரிசைப்படுத்திப் பார்க்கலாம். சாட்சியாக அழைக்கப்படும்போது பெண்களையும், 15 வயதுக்குக் கீழும் 60 வயதுக்கு மேலும் உள்ள ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயுற்றவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். நிலையத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது (179ஆம் பிரிவு). தம்மைக் குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விகளுக்கு எவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர் (180). கைதானவர் விசாரணையின்போது தாம் விரும்பும் வழக்கறிஞரைச் சந்திக்கலாம். விசாரணை முழுவதும் அவரை உடன் வைத்திருக்க இப்பிரிவு இடம் தரவில்லை (38). கைதுக் குறிப்பில் குடும்பத்தினர் ஒருவரோ அப்பகுதியின் மதிக்கத்தக்க ஒருவரோ சாட்சிக் கையொப்பமிட வேண்டும் (36). கைதுக்கான காரணங்களை உடனே சொல்ல வேண்டும் (47). உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும் (48). பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் (58).

இந்த ஒவ்வொன்றிலும் ஒரு வினை இருக்கிறது: சொல்லுதல், தெரிவித்தல், கேட்டல், கையொப்பமிடுதல். எல்லாமே மொழியால் நடக்கும் செயல்கள். கைதுக் குறிப்பில் கைதானவரும் கையொப்பமிட வேண்டும் என்கிறது சட்டம். வாசிக்க முடியாத எழுத்தின் அடியில் இடப்படும் கையொப்பம், தாள் நீட்டப்பட்டது என்பதற்குச் சான்றாகலாம். தகவல் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அது சான்றாகாது.

உச்ச நீதிமன்றம் இதைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. 1962இல் ஹரிகிஷன் வழக்கில், ஆங்கிலம் அறியாத ஒருவருக்குத் தடுப்புக்காவலின் காரணங்கள் ஆங்கிலத்தில் தரப்பட்டன; வாய்மொழியாக விளக்கிவிட்டோம் என்றது அரசு. அது போதாது, அவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று அரசமைப்பு அமர்வு கூறியது. 1981இல் லல்லுபாய் ஜோகிபாய் படேல் வழக்கில், காவல் அதிகாரி குஜராத்தியில் விளக்கினார் என்ற வாதமும் ஏற்கப்படவில்லை. ஆனால் இவை தடுப்புக்காவல் வழக்குகள். சாதாரணக் கைதுகளுக்கு இந்த நெறி தெளிவாக வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கு, கைதுக்கான காரணங்களைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் உரியவாறு தெரிவிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கு இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. எந்தக் குற்றமானாலும் காரணங்கள் எழுத்தில், அவருக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும். உடனே எழுத்தில் தர இயலாத நிலையில் வாய்மொழியாகச் சொல்லலாம். ஆயினும் நடுவர் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாக எழுத்து கைக்கு வந்திருக்க வேண்டும். தவறினால் கைதும் காவலும் சட்டவிரோதமாகும்.

தேவிகுளத்திலோ சித்தூரிலோ கைதாகும் தமிழருக்கு இத்தீர்ப்பு தமிழில் ஒரு தாளைப் பெற்றுத் தருகிறது. அது பெரிய பேறு. ஆனால் அந்தத் தாள் காரணங்களுக்கு மட்டுமே. கேள்விகளுக்கு என்ன வழி? நீதிமன்றத்தில் சாட்சியம் அவருக்குப் புரியாத மொழியில் இருந்தால் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் (314ஆம் பிரிவு). அங்கே அழைக்கப்படும் மொழிபெயர்ப்பாளர் உண்மையாகப் பெயர்க்கக் கடமைப்பட்டவர் (317). காவல் நிலையக் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை. வாக்கியம் முதன்முதலில் எழுத்தாகும் இடத்தில் இல்லாத காப்பு, அந்த எழுத்து பல மாதங்கள் கழித்து வாசிக்கப்படும் இடத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2010ஆம் ஆண்டின் நெறியாணையால் காவலரின் விசாரணைக்கும் இலவச மொழிபெயர்ப்பைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் நீதிபதி ஃபாஸ்டர் 1976இல் அனுங்கா வழக்கில் பழங்குடியினரை விசாரிப்பதற்கான விதிகளை வகுத்தார். மொழிபெயர்ப்பாளரும் கைதி நம்பும் ஒருவரும் உடனிருக்க வேண்டும் என்றார். இன்னொரு விதி மேலும் நுட்பமானது: 'பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு, புரிந்ததா?' என்று கேட்டு 'ஆம்' என்ற பதிலோடு நிறுத்தக் கூடாது. அதன் பொருளை அவருடைய சொற்களிலேயே திருப்பிச் சொல்லச் செய்ய வேண்டும்.

அந்த விதி ஏன் தேவைப்பட்டது என்பதை மொழியியலாளர் டயானா ஈட்ஸ் பின்னாளில் விளக்கினார். அதிகாரத்தின் முன் நிற்கும் எளியவர், கேள்வி புரிந்தாலும் புரியாவிட்டாலும் 'ஆம்' என்று சொல்லிவிடுகிறார். அது செய்திக்குத் தரும் பதில் அன்று; இந்த உரையாடல் சீக்கிரம் முடியட்டும் என்ற வேண்டுகோள். தோட்ட லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கங்காணியின் காலம் போய்விட்டாலும் 'சரிங்க சார்' என்ற பதில் போகவில்லை. அந்த 'சரிங்க' என்பதற்குள் ஒப்புதலும் பணிவும் அச்சமும் களைப்பும் ஒன்றாகக் கிடக்கின்றன. எழுதுபவரின் பேனா அவற்றில் முதலாவதை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

காவல் நிலையத்தில் ஆபத்து சொற்களோடு முடிவதில்லை என்பதையும் இந்த இரு மாவட்டங்களே காட்டியிருக்கின்றன. 2010 மார்ச்சில் பாலக்காடு புத்தூரில் நடந்த கொலை வழக்கில் பிடிக்கப்பட்ட சம்பத் காவலில் இறந்தார். அவர் விசாரிக்கப்பட்ட இடம் காவல் நிலையம் அன்று. மலம்புழையில் ஆற்றோரமாக இருந்த ஒரு விடுதி. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. 2019இல் இடுக்கியின் நெடுங்கண்டத்தில், நிதி மோசடி வழக்கில் ராஜ்குமார் என்பவர் ஜூன் 12 அன்று பிடிக்கப்பட்டார். கைது பதிவானது 15ஆம் தேதி. பீர்மேடு கிளைச் சிறையில் இருந்த அவர் 21ஆம் தேதி இறந்தார். ஓய்வுபெற்ற நீதிபதி நாராயண குறுப்பு தலைமையில் ஆணையம் அமைந்தது; புதைக்கப்பட்ட உடல் வெளியே எடுக்கப்பட்டு மீண்டும் உடற்கூறாய்வு நடந்தது. காவலில் நடந்த சித்திரவதையே சாவுக்குக் காரணம் என்று ஆணையம் கண்டது. இந்த வழக்கும் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது.

இரண்டிலும் காகிதத்துக்கும் நடந்ததற்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஒன்றில் இடம் காகிதத்துக்கு வெளியே இருந்தது. மற்றொன்றில் மூன்று நாட்கள் காகிதத்துக்கு வெளியே இருந்தன. 24 மணி நேரம் என்ற காப்பு, கைது எப்போது எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்துச் சுருங்கவும் நீளவும் செய்யும் என்றால் அதைக் காப்பு என்று அழைக்க முடியாது. தாய்மொழி மட்டும் ஒருவரைக் காத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் தங்கள் ஊரில், தங்கள் மொழி பேசும் காவலர்களிடையே இருந்தார்கள். அடிக்கு மொழி தேவையில்லை. ஆனால் அடிபட்டதை நடுவரிடம் சொல்வதற்கு மொழி தேவை.

ஆகவே நடுவர் முன் நிற்கும் அந்தச் சில நிமிடங்கள் மிக முக்கியமானவை. காவல்துறைக்கு வெளியே கைதி சந்திக்கும் முதல் காது நடுவருடையது. 'காவலரைப் பற்றிப் புகார் உண்டோ?' என்ற கேள்விக்குப் பின்னால் நிற்கும் காவலரையும் பார்த்துவிட்டு ஒருவர் தலையை இடவலமாக அசைத்தால், அது 'இல்லை' என்று பதிவாகும். அதே கேள்வி தமிழில், காவலர் எட்ட நிற்கும்போது கேட்கப்பட்டால் பதில் வேறாக இருக்கக்கூடும். நடுவர் தமிழ் கற்க வேண்டியதில்லை. 'இவருக்கு எந்த மொழி நன்றாகப் புரியும்?' என்று கேட்டு அதைக் குறித்துக்கொண்டால் போதும். அந்த ஒரு வரி பின்னால் பிணை மனுவிலும் மேல்முறையீட்டிலும் கைதியின் பக்கம் நிற்கும்.

குற்ற வழக்கில் எதிர்வாதம் செய்யும் வழக்கறிஞர்களுக்கும் இது பொருந்தும். கேள்விகள் எந்த மொழியில் கேட்கப்பட்டன, பதில்கள் எந்த மொழியில் வந்தன, இடையில் பெயர்த்தவர் யார், அவருக்கு இரு மொழிகளிலும் என்ன தேர்ச்சி என்பவை புலனாய்வு அதிகாரியின் குறுக்கு விசாரணையில் தவறாமல் இடம்பெற வேண்டியவை. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியையும் பதிவு செய்யும் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. காட்சி அடியைக் காட்டும். ஒலி மொழியைக் காட்டும். அந்தப் பதிவை உரிய காலத்துக்குள் கோருவது வழக்கறிஞரின் முதல் வேலைகளில் ஒன்றாக வேண்டும்.

கேரளத்துக்கு இதற்கான அடித்தளம் ஏற்கெனவே உண்டு. 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளவும், அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் வழி செய்கிறது. நிலவரி பற்றித் தமிழில் எழுதிக் கேட்கலாம் என்றால், தன் உடலின் விடுதலை பற்றித் தமிழில் கேட்கப்படுவதும் இயல்பாகவே அமைய வேண்டும். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் வட்டங்களின் நிலையங்களில் உரிமைகளைத் தமிழில் அச்சிட்டு ஒட்டுவதற்கும், கைதுக் காரணப் படிவத்தைத் தமிழிலும் வைத்திருப்பதற்கும், இருமொழி அறிந்த சட்ட உதவித் தன்னார்வலர்களின் பட்டியலைப் பராமரிப்பதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, காவலில் இருக்கும் எவரும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைப் பெறலாம். 2019இல் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் வகுத்த நெறிமுறை அந்த உதவியைக் கைதுக்கு முந்தைய கட்டத்துக்கே கொண்டுவந்திருக்கிறது. 15100 என்ற இலவசத் தொலைபேசி எண் அதற்கான வாசல்.

பல்கலைக்கழகங்களின் மொழித் துறைகளுக்கும் இதில் பங்கு உண்டு. எல்லைப் பகுதிப் பேச்சுவழக்குகளைப் பற்றிய ஆய்வேடுகள் குறைவில்லாமல் வருகின்றன. ஒலியன்களும் உருபன்களும் அட்டவணைகளாகின்றன. அந்த வழக்கைப் பேசுபவர் ஒருவர் காவல் நிலையத்தில் என்ன சொன்னார், என்ன எழுதப்பட்டது என்ற ஒப்பீடு அரிதாகவே ஆய்வுப் பொருளாகிறது. தமிழ், மலையாளச் சட்டச் சொற்களில் வடிவம் ஒத்துப் பொருள் வேறுபடுபவற்றின் சிறு அகராதி ஒன்றை முதுகலை மாணவர்கள் ஒரு பருவத்தில் தொகுத்துவிட முடியும். அது நெடுங்கண்டத்திலோ கொழிஞ்சாம்பாறையிலோ உள்ள ஓர் இளம் வழக்கறிஞரின் கைக்குப் போய்ச் சேர்ந்தால், அதைவிடப் பயனுள்ள ஆய்வு வெளியீடு வேறு இருக்க முடியாது.

அந்த அகராதியின் முதல் பதிவாக 'அவகாசம்' இருக்கட்டும். மலையாளத்தில் உரிமை, தமிழில் கால இடைவெளி. வழக்கறிஞர் வரும்வரை காத்திருக்கவும், கேள்வியைத் தன் மொழியில் மறுபடி கேட்கவும், எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லவும், பேசாமல் இருக்கலாமா என்று யோசிக்கவும் ஒரு மனிதருக்குச் சற்று நேரம் தேவைப்படுகிறது. காவல் நிலைய மேசையின் முன் அந்த நேரம் கிடைக்காதவருக்கு மற்றப் பொருளில் உள்ள அவகாசமும் கிடைப்பதில்லை.